கயிறும் கடற்கரையும்

சான் பிரான்சிஸ்கோ நகரின் மேற்கு விளிம்பில் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது ஓஷன் பீச். பசிபிக் காற்று தடையின்றி வந்து அறையும் அகன்ற மணல்வெளி அது. ஜூலை பிறந்ததும் அங்கே உப்புக்கொத்திகள் வந்து சேர்கின்றன. நம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் காணக்கிடைக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்திக்கு இவை மிக நெருங்கிய உறவு; 2011 வரை அமெரிக்கப் பறவையியலாளர்கள் இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். எடை நாற்பது கிராம் அளவில்தான் இருக்கும். முதுகு உலர்ந்த மணலின் நிறம். காற்று பலக்கும்போது மணலில் பதிந்த காலடிக் குழிகளுக்குள் இறங்கி உடலைத் தாழ்த்தி உட்கார்ந்துகொள்ளும். பத்தடி தூரத்தில் நடப்பவர் கண்ணுக்குக்கூட அகப்படாது.

அதே மணலில் பல பத்தாண்டுகளாக நாய்கள் கயிறின்றி ஓடிவருகின்றன. சட்டத்தை மீறி மறைவாக நடந்ததல்ல இது. பொறுப்பில் இருந்தவர்கள் ஏற்று அறிவித்த அனுமதி அது. பறவைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, நாய் வளர்ப்பவர்களுக்கும் எழுத்தில் தந்த வாக்கு உண்டு என்ற நிலையில் 1979இல் தொடங்கிய ஒரு கதை, நீதிமன்றங்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் இழுத்துக்கொண்டு 2017 வரை ஓடி, தீராமலே நின்றது. நாய்ப் பிரியர்களுக்கும் பறவைப் பிரியர்களுக்கும் நடந்த சண்டை என்று இதைச் சுருக்குவது வழக்கம். ஆவணங்களைப் படித்தால் எனக்குத் தெரிவது வேறு. கடற்கரையை ஆளும் துறை மக்களை எப்படி நடத்தியது என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. மக்களைக் கேட்டுச் செய்தவை நின்றன; கேளாமல் செய்தவை விழுந்தன.

கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியை அமெரிக்கக் காங்கிரஸ் 1972இல் உருவாக்கியது. சான் பிரான்சிஸ்கோவின் காங்கிரஸ் உறுப்பினர் பிலிப் பர்ட்டன் அதன் பின்னால் நின்றவர். ராணுவம் கைவிட்டுவந்த கோட்டைகள், குன்றுகள், கடற்கரைகள் ஆகியவற்றைச் சேர்த்து நகரத்து மக்கள் மூச்சுவிட ஓர் இடம் தருவது நோக்கம். இன்று ஏறத்தாழ 80,000 ஏக்கர், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வருகையாளர்கள் என்ற அளவில் விரிந்திருக்கிறது. ஓஷன் பீச்சும் அதன் தெற்கே உள்ள ஃபோர்ட் ஃபன்ஸ்டனும் முதலில் நகராட்சிக்குச் சொந்தமானவை. நகரம் அவற்றை 1975இல் நடுவண் அரசிடம் ஒப்படைத்தது. பூங்காவாகவும் பொழுதுபோக்குக்காகவுமே பயன்படவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்படைத்தது. அந்த நிபந்தனையை நாய் வளர்ப்பவர்கள் பின்னாளில் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டினார்கள். தாங்கள் காலங்காலமாக நாயோடு நடந்த நிலத்தை நம்பிக் கொடுத்தோம், யெல்லோஸ்டோன் போன்ற காட்டுப் பூங்காவின் விதிகளை எங்கள் வாசலில் கொண்டுவந்து போடுவதற்காகக் கொடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

புதிய பூங்காவுக்கு மக்கள் ஆலோசனைக் குழு ஒன்றும் இருந்தது. பொது விசாரணைகள் நடத்தி, 1979இல் செல்லப்பிராணிக் கொள்கை ஒன்றை அது வகுத்தது. குறிப்பிட்ட இடங்களில் நாயைக் கட்டாமல் விடலாம். உடையவரின் குரலுக்கு அது கட்டுப்பட்டிருந்தால் போதும். பூங்காத் துறையும் அதை ஏற்று நடந்தது. ஆனால் நாடெங்கும் உள்ள தேசியப் பூங்காக்களுக்கான பொது விதி, நாயை ஆறடிக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. அந்த விதிக்கு முறையான விலக்குப் பெறுவதற்கு அப்போது யாரும் மெனக்கெடவில்லை. தேசியப் பூங்கா அமைப்பில் நாய்கள் கயிறின்றி ஓடக்கூடிய ஒரே இடமாகக் கோல்டன் கேட் ஆனது இப்படித்தான். சட்டப் புத்தகத்தில் ஒன்றும் மணலில் இன்னொன்றுமாக இருபது ஆண்டுகள் ஓடின. அந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்கு மணலில் நடப்பதுதான் சட்டம்.

இதற்கிடையே சூழல் மாறியது. 1993 மார்ச்சில் பசிபிக் கரையோர உப்புக்கொத்தியை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் நடுவண் அரசு சேர்த்தது. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை மணற்கரைகளில் கூடு கட்டும் பறவை இது. கரையெங்கும் வீடுகள், வாகனங்கள், மணலைப் பிடித்து நிறுத்த நட்ட அயல் புற்கள், காக்கை இனங்கள் என எல்லாம் சேர்ந்து அதன் இடத்தைத் தின்றிருந்தன. கரை முழுவதிலும் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் 3,000 என்ற அளவை எட்டிப் பத்தாண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்பது 2007இல் வந்த மீட்புத் திட்டத்தின் இலக்கு. ஓஷன் பீச்சில் அவை கூடு கட்டுவதில்லை. ஜூலையில் வந்து, குளிர்காலத்தைக் கழித்து, மே மாதத்துக்குள் போய்விடும். ஓய்வெடுக்கவும் கொழுப்புச் சேர்க்கவும்தான் அந்த மணல் அவற்றுக்கு வேண்டும்.

நாய் துரத்துவதால் பறவைக்கு அப்படி என்ன கேடு? பெரும்பாலும் நாய் அதைப் பிடிப்பதே இல்லையே? கூட்டங்களில் அடிக்கடி எழுந்த இந்தக் கேள்வி பொறுப்பான பதிலுக்கு உரியது. கடற்பாசிக் குப்பையில் கிடைக்கும் மணற்பூச்சிகளையும் ஈக்களையும் கொத்தித் தின்று, குளிர்ந்த காற்றில் உடல்சூட்டைக் காத்து, அடுத்த இனப்பெருக்கக் காலத்துக்கான வலுவைச் சேர்க்கிற உயிர் அது. ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. உண்ணும் நேரமும் குறைகிறது. கெவின் லாஃபர்ட்டி என்ற சூழலியலாளர் சாண்டா பார்பரா அருகே ஒரு கரையில் இதை அளந்து 2001இல் வெளியிட்டார். வார இறுதிகளில் சராசரியாக 27 நிமிடத்துக்கு ஒருமுறை, வார நாட்களில் 43 நிமிடத்துக்கு ஒருமுறை உப்புக்கொத்திகள் கலைக்கப்பட்டன. கரையில் இருந்த நாய்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அவற்றால் நேர்ந்த கலைப்பு மிக அதிகம். அங்கும் கயிறு கட்டவேண்டும் என்ற விதி இருந்தது. பெரும்பாலான நாய்கள் அவிழ்த்துத்தான் விடப்பட்டிருந்தன.

அந்தக் கரையில் பிறகு நடந்ததுதான் என் மனத்தில் ஆழமாக நிற்பது. கோல் ஆயில் பாயிண்ட் என்ற அந்த இடத்தில் 2001இல் எளிய கயிற்று வேலி போட்டார்கள். அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். வருபவர்களிடம் பேசி விளக்கத் தன்னார்வலர்களை நிறுத்தினார்கள். கலைப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. பல பத்தாண்டுகளாகக் கூடு கட்டாமல் விட்டிருந்த உப்புக்கொத்திகள் மறுபடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. கரையை யாரும் மூடவில்லை. மக்கள் நடந்தார்கள், அலைச்சறுக்கு ஆடினார்கள். மணலில் ஒரு துண்டு மட்டும் பறவைக்கு விடப்பட்டது.

கயிறு கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் பீட்டர் பேங்க்ஸ், ஜெசிகா பிரையன்ட் இருவரும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், கயிற்றில் பிடித்த நாயை நடத்திச் சென்றாலே பறவை இனங்களின் எண்ணிக்கை 35 விழுக்காடும் பறவைகளின் மொத்தத் தொகை 41 விழுக்காடும் குறைந்தது தெரியவந்தது. நாயில்லாமல் மனிதர்கள் மட்டும் நடந்தபோதும் குறைவு இருந்தது, பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவான அளவில். பறவையின் கண்ணில் நாயும் வேட்டைதான், மனிதனும் கொஞ்சம் வேட்டைதான். ஆகவே எங்கே, எப்போது, யார் நடக்கலாம் என்று இடத்தைப் பிரிப்பது கயிற்றைக் காட்டிலும் பெரிய கேள்வி.

இப்போது ஃபோர்ட் ஃபன்ஸ்டனுக்குப் போவோம். கடற்கரைப் பீரங்கித் தளமாக இருந்து பிறகு ஏவுகணைத் தளமான இடம். ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்தில் மணற்பாறைச் செங்குத்துகள். அவற்றில் வளை தோண்டி மணல் தகைவிலான்கள் கூடு வைக்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வசந்தத்தில் வந்து சேரும் பறவைகள். மேலே மணல்மேடுகளை, ராணுவம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஐஸ் பிளான்ட் என்ற கொடியால் மூடிவைத்திருந்தது. தகைவிலானைக் காக்கவும், அயல் கொடியை நீக்கி மண்ணின் செடிகளை மீட்கவும் பூங்காத் துறை 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் பத்து ஏக்கரை வேலியிட்டு அடைக்கத் தொடங்கியது. அறிவிப்பு இல்லை, கருத்துக் கேட்பு இல்லை. நாயோடு நடப்பவர்கள் ஒரு காலையில் வந்து பார்த்தால் வேலி நிற்கிறது.

அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மாவட்ட நீதிபதி வில்லியம் ஆல்ஸப் இடைக்காலத் தடை விதித்தார். துறையின் உள் ஆவணங்களைப் பார்த்தபின், வேலியை ரகசியமாகவும் அவசரமாகவும் போட்டு முடித்து, மாற்ற முடியாத ஒன்றாக மக்கள் முன் நிறுத்தவே துறை எண்ணியிருந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நீதிமன்றம் தகைவிலானுக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை என்பது முக்கியம். முறைப்படி அறிவித்து, கருத்துக் கேட்டு, காரணம் சொல்லி மூடலாம் என்றே அதற்குப் பொருள். துறை அப்படியே செய்தது. பொதுமக்களின் கருத்தைப் பெற்றபின் அந்தப் பகுதி மூடப்பட்டது. அந்த மூடல் நின்றது. இந்த ஒரு பாடத்தை அன்றே எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த பதினேழு ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

எடுத்துக்கொள்ளவில்லை. 2001 ஜனவரியில் நடந்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தில், 1979 கொள்கை நாட்டின் பொது விதிக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கூடியிருந்த பெருங்கூட்டம் கொதித்தது. இருபது ஆண்டு வாழ்ந்த ஏற்பாட்டைச் சட்ட விளக்கம் ஒன்றால் ஒரே மாலையில் அழித்துவிட முடியும் என்று துறை நம்பியது. பூங்காக் காவலர்கள் அபராதச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2004இல் பூங்காவின் இன்னொரு பகுதியான கிரிஸ்ஸி ஃபீல்டில் சீட்டு வாங்கிய மூவரின் வழக்கு நீதிமன்றம் ஏறியது. மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தார். 2005 ஜூனில் அதே நீதிபதி ஆல்ஸப் அதை உறுதிசெய்தார். ஓரிடத்தின் பயன்பாட்டைப் பெரிதாக மாற்றுகிற, கடும் கருத்துவேறுபாடு உள்ள முடிவு எதையும் அறிவித்துக் கருத்துக் கேட்காமல் செய்யக்கூடாது என்று துறையின் சொந்த விதியே சொல்கிறது. 1979 கொள்கையை நீக்கியது அப்படிப்பட்ட முடிவுதான் என்பது தீர்ப்பின் சாரம். அதோடு 1979 ஏற்பாடு மீண்டும் உயிர்பெற்றது.

நாய் வளர்ப்பவர்கள் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். நடைமுறை பற்றி அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்த வெற்றியின் சூட்டில் அவர்களில் பலர் உப்புக்கொத்திக்கு நாயால் இடையூறே இல்லை என்று வாதிடத் தொடங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. நடைமுறையில் வென்றவர் அறிவியலிலும் வென்றுவிட்டதாக ஆகாது.

அவர்கள் பக்கத்தில் உள்ள தேவையையும் குறைத்துச் சொல்லக்கூடாது. சான் பிரான்சிஸ்கோ மூன்று பக்கம் நீர் சூழ்ந்த, நெருக்கமாகக் கட்டப்பட்ட நகரம். கொல்லைப்புறம் உள்ள வீடு பலருக்குக் கனவு. 2010 கணக்கெடுப்பில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மக்கள்தொகையில் சுமார் 13 விழுக்காடுதான். அமெரிக்கப் பெருநகரங்களில் மிகக் குறைவான விகிதங்களில் ஒன்று. தனியாக வாழும் முதியவருக்கு நாளில் ஒருமுறை மனிதர்களோடு பேசக் கிடைக்கும் வாய்ப்பு நாயோடு போகும் கடற்கரை நடைதான். நாய்க்கும் ஓட்டம் வேண்டும். ஆறடிக் கயிற்றில் அது ஓட முடியாது. பூங்காவின் மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே கேட்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு விழுக்காடு பெரும்பாலும் தட்டையான மணற்கரை. உப்புக்கொத்திக்கு வேண்டியதும் அதே மணல்.

கூட்டங்களுக்கு வராதவர்களும் இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீனா ராபர்ட்ஸ் சிறுபான்மைச் சமூகத்தினரிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளியினர் சிலர் பூங்காவுக்குப் போகத் தயங்குவதற்கு அவிழ்த்துவிட்ட நாய்களும் ஒரு காரணம் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. மைக்கைப் பிடித்து மூன்று நிமிடம் பேச வருகிறவர்கள் ஏற்கெனவே அந்த இடத்தைத் தங்களுடையதாக நினைப்பவர்கள். பயந்து வராமல் இருப்பவரின் குரல் எந்தக் கருத்துக் கேட்பிலும் தானாக வந்துவிடாது. போய்க் கேட்டால்தான் கிடைக்கும். கருத்துக் கேட்கும் முறையை நான் இவ்வளவு போற்றினாலும், அதன் பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்து வந்தது சமரச முயற்சி. நாய்ச் சங்கங்கள், சூழல் அமைப்புகள், மற்றவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து விதியைப் பேசி உருவாக்கும் குழுவை 2006இல் அரசு அமைத்தது. சில பொதுக் கொள்கைகள், கூலிக்கு நாய் நடத்துபவர்களுக்கான ஒரு வரையறை, மரின் மாவட்டத்தில் ஓக்வுட் பள்ளத்தாக்கு என்ற ஒரே ஓர் இடத்துக்கான திட்டம் ஆகியவற்றில் மட்டும் உடன்பாடு கிடைத்தது. ஓஷன் பீச், கிரிஸ்ஸி ஃபீல்டு, ஃபன்ஸ்டன் பற்றி ஒன்றும் முடியவில்லை. 2007இல் குழு கலைந்தது.

அந்த ஆண்டுகளில் அதிகம் பேசப்படாமல் வேறொரு வேலை நடந்து முடிந்தது. ஓஷன் பீச்சில் மணலுக்கு இறங்கும் 21ஆம் படிக்கட்டு முதல் ஸ்லோட் சாலை வரையும், கிரிஸ்ஸி ஃபீல்டின் மேற்கு முனையில் ஒரு துண்டும் உப்புக்கொத்திப் பகுதிகளாக வரையப்பட்டன. ஜூலை 1 முதல் மே 15 வரை அங்கே நாயைக் கயிற்றில்தான் பிடிக்கவேண்டும். முதலில் அவசரக் கட்டுப்பாடாக வந்து, பின் முறையாக அறிவித்துக் கருத்துக் கேட்டு, 2008 செப்டம்பரில் சிறப்பு விதியாக வெளியானது. எல்லை தெளிவு, காலம் தெளிவு, காரணம் தெளிவு. பறவை இல்லாத ஆறு வாரமும் பறவை இல்லாத மணலும் நாய்களுக்கு அப்படியே இருந்தன. எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது; மீறல்கள் இன்றும் உண்டு. ஆனாலும் இந்த நாற்பதாண்டுப் போராட்டத்தில் உயிரோடு இருக்கும் ஒரே புதிய கயிற்று விதி இந்தச் சிறிய விதிதான்.

துறையோ பெரிய விதியின் பின்னால் போனது. 2011 ஜனவரியில் ஏறத்தாழ 2,400 பக்கத்தில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வரைவு வந்தது. ஓர் இடத்தில் விதியைக் கடைப்பிடிப்பவர்கள் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அங்கே கட்டுப்பாடு தானாகவே இறுகும் என்றொரு ஏற்பாடு அதில் இருந்தது. நடத்தை நன்றாக இருந்தால் தளரும் என்ற மறுபாதி இல்லை. ஒழுங்காக நாய் நடத்துகிறவருக்கு அதில் என்ன ஊக்கம் இருக்கிறது? அண்டை வீட்டார் செய்த தவறுக்கு அவரும் இடத்தை இழப்பார், தான் ஒழுங்காக இருந்ததற்கு எதுவும் பெறமாட்டார். எதிர்ப்பு குவிந்தது, 2013இல் வந்த திருத்த வரைவில் அந்தத் தானியங்கி ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் முன்மொழியப்பட்ட விதி, பூங்காவில் 22 இடங்களில் நாயோடு நடக்கவும் அவற்றில் ஏழு இடங்களில் மட்டும் கயிறின்றி விடவும் இடம் தந்தது. காங்கிரஸ் உறுப்பினர் ஜாக்கி ஸ்பியர் வெளிப்படையாக எதிர்த்தார். ஆடுபான் சங்கத்தின் உள்ளூர்க் கிளை போன்ற பறவை அமைப்புகளோ பாதுகாப்பு இன்னும் வலுவாக வேண்டும் என்றன.

2016 டிசம்பரில் இறுதி அறிக்கை வந்து, கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலையில் நாய்ச் சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காடிப் பெற்ற மின்னஞ்சல்களை 2017 ஜனவரியில் வெளியிட்டன. அலுவலக விஷயத்துக்குச் சில அதிகாரிகள் தனிப்பட்ட மின்னஞ்சலைப் பயன்படுத்தியது அவற்றில் தெரிந்தது. துறை வேலையை நிறுத்திவைத்தது. 2017 அக்டோபரில் முழுத் திட்டத்தையும் கைவிடுவதாக அறிவித்தது. பதினைந்து ஆண்டு ஆய்வு, பேச்சு, செலவு அனைத்தும் அலமாரிக்குப் போயின. 1979 ஏற்பாடும் 2008 சிறுவிதியும் மிஞ்சின.

அந்த மின்னஞ்சல்கள் இல்லாதிருந்தால் பெரிய விதி பிழைத்திருக்குமா? காகிதத்தில் பிழைத்திருக்கலாம். 22 இடங்களுக்கும் ஒரே நேரத்தில் கோடு கிழிப்பது ஒவ்வோர் இடத்தின் சண்டையையும் மற்றவற்றின் சண்டையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஃபன்ஸ்டன் மேட்டில் நாய் ஓடுவதை எதிர்க்காதவரும், கிரிஸ்ஸியில் உப்புக்கொத்திக்கு இடம்விடத் தயாராக இருந்தவரும் ஒரே அறிக்கையின் எதிரிகளானார்கள். கூலிக்கு நாய் நடத்துவது தனியாகக் கையாளப்பட்டதால்தான் அது முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: மூன்றுக்கு மேல் நாய்களை நடத்துபவர் அனுமதி பெறவேண்டும், ஆறுக்கு மேல் கூடாது என்ற ஏற்பாடு 2014இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே நகராட்சியும் எட்டு நாய்கள் என்ற வரம்போடு தன் அனுமதி முறையைக் கொண்டுவந்திருந்தது.

ஓஷன் பீச்சில் இப்போது புதிய நெருக்கடி ஒன்று சேர்ந்திருக்கிறது. கரையை ஒட்டி ஓடும் கிரேட் ஹைவேயின் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடிப் பூங்காவாக்க 2024 நவம்பரில் நகர வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் சன்செட் டியூன்ஸ் என்ற பெயரில் அது திறந்தது. லிங்கன் வே முதல் ஸ்லோட் வரை நீளும் அந்தப் பூங்காவும், 21ஆம் படிக்கட்டு முதல் ஸ்லோட் வரை நீளும் உப்புக்கொத்திப் பகுதியும் பெரும்பாலான தூரம் தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன. முன்பு கார்கள் போன இடத்தில் இப்போது குடும்பங்கள், மிதிவண்டிகள், நாய்கள். அது நல்ல மாற்றம்தான். மணலுக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் கூட்டம் கூடும் என்பதும் நிச்சயம்.

புதிதாக வருபவர்களில் பலருக்கு 1979ஐயும் தெரியாது, 2008ஐயும் தெரியாது. மணலில் பறவை இருப்பதையே அறியாமல் நாயை அவிழ்ப்பார்கள். கோல் ஆயில் பாயிண்டில் செய்ததுபோல் ஜூலை தொடங்கி ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒரு தன்னார்வலர் தொலைநோக்கியோடு நின்று, இதோ பாருங்கள் என்று காட்டினால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். ஸ்லோட்டுக்குத் தெற்கேயும் 21ஆம் படிக்கட்டுக்கு வடக்கேயும் நாய் ஓட இடம் இருக்கிறது என்று அவரே வழிகாட்டலாம். நாய்ச் சங்கத்தாரும் பறவைச் சங்கத்தாரும் மாறி மாறி அங்கே நிற்கவேண்டும் என்பது என் விருப்பம். நகராட்சியும் பூங்காத் துறையும் அடுத்தடுத்த நிலங்களுக்குப் பொறுப்பாக இருப்பதால் பலகைகளையும் காவலையும் இருவரும் சேர்ந்து திட்டமிடலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2008 விதி ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது.